வால் வைத்த கையெழுத்து

மார்ச் 2

தங்கைக்கு,

அன்று அந்த பேங்கில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, அம்மா, உன் அத்தான், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்த மேனேஜர், நம் கடையை விலைக்கு வாங்கிய பாத்திரக்காரர், நீ, நான். முப்பத்தோரு வருஷம் ஆகிறது. இவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். அண்ணி நாற்காலி கிடைக்காமல் ஜன்னல் ஓரம் நின்றாள். நீ எழுந்து இடம் கொடுக்கவில்லை.

அப்பாவின் நோட்டுக் கடையை விற்ற பணத்தில் பாதியை அண்ணன் எடுத்துக்கொண்டான். மீதிப் பாதியை நம் இருவர் பெயரிலும் ஒரே கணக்கில் போட்டான். "ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பணம் வெளிய வரும். அப்பத்தான் சண்டை வராது" என்றான். பேங்க் படியை விட்டு இறங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. உன்னோடு இனி பேச மாட்டேன் என்று அந்தப் படியில் வைத்துச் சொன்னேன். இன்று வரை பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. இது எழுத்து.

விஷயம் இதுதான். அந்தக் கிளையை இந்த மாதம் 31ஆம் தேதியோடு மூடுகிறார்கள். அங்கே போட்டு வைத்த பணத்துக்கு நூற்றுக்கு மூன்றுகூட வருவதில்லை. போனுக்குள்ளேயே நடக்கிற பேங்குகள் இருக்கின்றன, கட்டிடம் கிடையாது, வாடகை கிடையாது, அந்தக் காசை வட்டியாகத் தருகிறார்கள் என்கிறாள் என் மருமகள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரையைப் பார்த்தே எண்ணிக்கை சொல்வாள், அதனால் கணக்கில் அவளை நம்பலாம். ஆனால் அந்த பேங்குகளில் ஒரு கணக்குக்கு ஒரு ஆள்தான். ஆகவே ஆளுக்குப் பாதி. உன் வழி உனக்கு, என் வழி எனக்கு. இந்த மாதத்துக்குள் சேருகிறவர்களுக்குத்தான் அந்த வட்டியாம்.

ஃபாரம் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கதை எதுவும் எழுத வேண்டாம்.

நான் நலம். உன் நலத்தை நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கவரின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் மாடி ஏறும் வரை பொறுக்கவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். "ற" போடும்போது இன்னும் பேனாவைக் குத்துகிறாய்.

நான் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணால் உன்னைப் படித்துவிட்டேன். பேசுவது வேறு, எழுதுவது வேறு என்கிற சட்டம் நன்றாக இருக்கிறது. இது முன்னமே தெரிந்திருந்தால் வாரம் ஒரு கடிதம் போட்டிருப்பேனே அக்கா.

கட்டிடம் இல்லாத பேங்க் என்கிறாய். நாளைக்குப் பணம் காணாமல் போனால் எந்தக் கதவைப் போய்த் தட்டுவது? அதில் எந்த பேங்கை எடுத்தாய், எதைப் பார்த்து எடுத்தாய்? இதெல்லாம் சொல்லாமல் பெருக்கல் குறியில் கையெழுத்துப் போடு என்றால் எப்படி?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று இருந்தவர்களில் ஒருவரை விட்டுவிட்டாய். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாரே, சட்டைப் பையில் கடிகாரம் பழுதுபார்க்கிற பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர். சின்ன வயதில் அண்ணி கட்டியிருந்த புடவையின் கரை நிறம் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறவள் நீ. உனக்கு மறந்திருக்காது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்போதும் நீ வரவில்லை, அதை நான் கேட்கவும் இல்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த வரியில் அவரையும் சேர்த்து ஒரு முறை எழுது. பெயர்கூட வேண்டாம், கடிகாரக்காரர் என்று எழுதினால் போதும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

எந்த பேங்க் என்பதுதான் இத்தனை நாளாக எனக்கு வேலை. மருமகள் போனில் மூன்று பேங்குகளைக் காட்டினாள். மூன்றுக்கும் நானே பேசினேன். முதல் பேங்க் நூற்றுக்கு எட்டு என்றது. ஒரு பெண், குரலில் தேன் ஒழுகியது. "எத்தனை நாளைக்கு எட்டு?" என்றேன். "முதல் மூணு மாசத்துக்கு மேடம்." "அப்புறம்?" "அப்புறம் நாலு மேடம்." மறுநாள் மறுபடி கூப்பிட்டேன். வேறொருவன் எடுத்து வருஷம் பூராவும் எட்டு என்றான். "நேத்து மத்தியானம் பேசின பொண்ணு மூணு மாசம்னுச்சே. அது பேசும்போது பின்னாடி யாரோ ரெண்டு தரம் தும்மினாங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிடுப்பா" என்றேன். வைத்துவிட்டான்.

இரண்டாவது பேங்க் ஏழரை. ஆனால் கணக்கில் எப்போதும் இவ்வளவு இருக்க வேண்டுமாம், குறைந்தால் அபராதமாம். என் பணத்தை நான் எடுத்தால் எனக்கே அபராதம் போடுகிறவன் எதற்கு? அதற்கு நம் அண்ணனே போதும்.

மூன்றாவது ஏழு. வருஷம் முழுக்க ஏழு. ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று அலைக்கழிக்காமல் ஒரு மனுஷன் எடுக்கிறான். திட்டினால் கேட்டுக்கொள்கிறான். காணாமல் போனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று நீ கேட்டதை அவனிடம் கேட்டேன், நீ கேட்டதாகச் சொல்லவில்லை. "ஒரு அளவு வரைக்கும் காப்பீடு இருக்கு பாட்டி, உங்க பணம் அந்த அளவுக்குள்ளதான் வருது" என்று நிதானமாகச் சொன்னான். பாட்டி என்றதற்கு ஒரு மார்க் குறைத்துக்கொண்டு அவனையே எடுத்துக்கொண்டேன்.

நாம் சேருவதற்குள் இந்த வட்டி நாளைக்கே மாறினாலும் மாறுமாம். காலையில் எழுந்ததும் மருமகளின் போனை வாங்கி ஏழு ஏழாகவே இருக்கிறதா என்று பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். கூடத்துக் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் ஒரு மணி நேர வட்டி போயிற்று என்று வயிறு எரிகிறது. உன் அத்தான் வாங்கிய கடிகாரம். ஒரே ஒரு தரம் நின்றது, யாரிடமோ கொடுத்துச் சரிசெய்தார், அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் பிசகியதில்லை. உன் வீட்டுக்காரரை நம்பி அது ஓடவில்லை.

அவரை நான் மறந்துவிடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். பேங்கில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று அம்மா வீட்டுச் சமையலறையில் ஒரு மாதம் நீதான் சிலேட்டில் எழுத்தெல்லாம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடப் பழக்கினாய். முழங்கை வலிக்க வலிக்கப் பழகினேன், அதை வைத்துத்தான் பிறகு இப்படிக் கடிதம் எழுதுகிற அளவுக்கு நானே தேறினேன். அன்று ஒரு நடுக்கம் இல்லாமல் போட்டேன். மேனேஜர் தாளைப் பார்த்து, "அட, நல்லா இருக்கே" என்றார். அப்போது உன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்: "எழுத்தெல்லாம் என் வீட்டுக்காரியோடது சார், கை மட்டும்தான் அக்காவோடது." மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். பாத்திரக்காரர் ஒன்றும் புரியாமலே சிரித்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய், உன் தோள் குலுங்கியது. அதை நான் பார்த்தேன்.

அவரை எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வரி கேட்டேன். அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். போதும், ஃபாரத்தில் போட்டுவிட்டேன், இதோடு இருக்கிறது.

என் தோள் குலுங்கியது உண்மை. சிரிப்பு என்று நீயாகத்தான் முடிவு செய்துகொண்டாய்.

என் பாதியை அந்த எட்டுக்காரனிடமே போடலாம் என்று இருக்கிறேன். என் போனில் பட்டன்தான் இருக்கிறது. கீழே எங்கள் கடிகாரக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறவர் இருக்கிறார், அவரைக் கேட்டால் ஏதாவது செய்து தருவார். மூன்று மாதத்துக்கு மேல் எனக்கு எந்தத் திட்டமும் இல்லை.

அந்தக் கணக்கு இருந்த வரைக்கும் வருஷத்துக்கு ஒரு முறை பேங்கிலிருந்து ஒரு தாள் வரும். உன்னையும் என்னையும் ஒரே வரியில் போட்டிருப்பார்கள். மீதி எவ்வளவு என்று நான் பார்த்ததே இல்லை, அந்த வரியைத்தான் பார்ப்பேன். இனி வராது. அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். கூடத்துக்கும் சமையலறைக்கும் ரொம்ப நடக்காதே, உனக்கு முழங்கால் ஆகாது.

தங்கை


மார்ச் 21

தங்கைக்கு,

ஃபாரம் திரும்பி வந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பாட்டி, ரெண்டும் ஒரே ஆள் போட்டதாத் தெரியுது. தங்கச்சி கையெழுத்தையும் நீங்களே போட்டுட்டீங்களா?" என்றாள்.

என் மகன் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தான். மருமகள் என் காதோடு, "அத்தை, என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க" என்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் அந்த வால் செய்கிற வேலை. கடைசி எழுத்திலிருந்து கையை எடுக்காமல் பெயருக்கு அடியில் முழுக்க இழுத்து, முனையில் மேலே மடக்குவாயே, அந்த வால். உன் கையெழுத்திலும் அது, என் கையெழுத்திலும் அது. கடிகாரக்காரர் அன்று சொன்னதையே இவர்கள் இன்று முத்திரை குத்திச் சொல்கிறார்கள். ஆறு வருஷம் முன்னால் போனவர் இன்னும் என்னை வரிசையில் நிறுத்திச் சிரிக்க வைக்கிறார்.

இருவரும் நேரில் வந்து அதிகாரி முன்னால் போட வேண்டுமாம். 30ஆம் தேதி காலை பத்து மணி. தவறினால் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அங்கே போனால் திரும்ப எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. இந்த மாதம் போய்விட்டால் ஏழும் போய்விடும்.

நான் வருவேன், பேச மாட்டேன். அதற்குள் இந்த வாலையும் ஒழித்துவிடுவேன். எனக்கென்று ஒரு கையெழுத்து வைத்துக்கொள்ளப் போகிறேன். நாளிதழ் ஓரம், மருந்துச் சீட்டு, காலண்டர் தாள், கையில் கிடைப்பதிலெல்லாம் பழகிக்கொண்டிருக்கிறேன். நேர் நேரான எழுத்து, வால் கிடையாது.

எட்டுக்காரனிடம் போகாதே. மூன்று மாதம் கழித்து நாலு தருகிறவனிடம் தெரிந்தே போய் விழுகிறவளை என்னவென்று சொல்வது?

உன் அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கவர் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு, யாராவது வந்திருக்காங்களா?" என்றார். இந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

வருகிறேன். வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நேரில்தான் நீ பேச மாட்டாயே.

உன் கூடத்துக் கடிகாரம் நின்ற வருஷம் அத்தான் அதைத் துணிப்பையில் சுற்றி எங்கள் கடைக்குத்தான் கொண்டுவந்தார். "உங்கக்காகிட்ட மூச்சு விட்டுடாதம்மா, கடிகாரத்தைத் தெருவுல தூக்கிப் போட்டுடுவா" என்றார். என் வீட்டுக்காரர் மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசு வாங்கவில்லை. "அக்கா வீட்டுல நான் வாயைத் திறக்க முடியாது. இதாவது மணிக்கு ஒரு தரம் பேசட்டும்" என்றார். அவர் அன்று பேங்கில் சொன்னது தப்புத்தான். என் பெண்டாட்டி ஒரு ஆளை எழுத வைத்துவிட்டாள் என்கிற பெருமை தலைக்கேறி, வாய் தவறிவிட்டது. தப்பு என்று அவருக்கு அன்று மத்தியானமே தெரியும். உன் தெரு முனை வரைக்கும் இரண்டு முறை வந்து திரும்பியிருக்கிறார்.

நம்பாவிட்டால் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பார். கை வைத்த கடிகாரத்தில் எல்லாம் ஊசி முனையால் சின்னதாக ஒரு கடிகார முள்ளு கீறுவது அவர் வழக்கம்.

அன்புடன்,
தங்கை


மே 2

என் தங்கைக்கு,

30ஆம் தேதி பேங்கில் நீயும் இருந்தாய். ஆனாலும் உன் ஞாபகத்தை நம்ப முடியாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நீ எனக்கு முன்னாலேயே வந்திருந்தாய். இளைத்துப் போயிருந்தாய். பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். நான் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன். டோக்கன் கூப்பிட்டார்கள். நீ முதலில் போட்டாய், ஒரே இழுப்பில் வாலோடு. அடுத்து நான் போட்டேன். என் சொந்தக் கையெழுத்து, செங்கல் அடுக்கின மாதிரி நேராக. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெண் பழைய தாளோடு வைத்துப் பார்த்துவிட்டு, "இது சேரலையே பாட்டி. கணக்கு ஆரம்பிச்சப்போ போட்டீங்களே, அதே மாதிரி போட்டாத்தான் ஆகும்" என்றாள்.

உன்னிடமிருந்து பிரிந்து வருவதற்கு உன் எழுத்தைத்தான் போட வேண்டும் என்று வந்து நின்றது பார். போட்டுப் பார்த்தேன். வால் வரவில்லை. இன்னொரு தரம் போட்டேன், பாதியில் அறுந்தது. பத்து நாளாக உட்கார்ந்து அதைத்தானே கையிலிருந்து துரத்தியிருந்தேன். மருமகள் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நீ என் பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கேட்கட்டும் என்று காத்திருந்தாய், எனக்குத் தெரியாதா?

"அந்த வாலை எப்படி இழுப்பே?" என்றேன். அந்தப் படியில் நிறுத்திய பேச்சை நான் மறுபடி எடுத்த இடம் அதுதான்.

நீ டோக்கன் சீட்டின் பின்னால் போட்டுக் காட்டினாய். "கடைசி எழுத்துல கையை எடுக்காதக்கா. எடுத்தா போச்சு. மூச்சையும் விடாத" என்றாய். அப்புறம் பழைய ஞாபகத்தில் என் கைமேல் உன் கையை வைத்தாய். "மேடம், கையைப் பிடிக்கக் கூடாது, அவங்களே போடணும்" என்று அந்தப் பெண் அதட்டினாள். எடுத்துக்கொண்டாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். சேர்ந்துவிட்டது. உன் தோள் குலுங்கியது. இந்தத் தடவை நான் குனிந்து உன் முகத்தையும் பார்த்தேன். அது சிரிப்பில்லை.

அப்புறம் அந்தப் படியிலேயே உட்கார்ந்து மருமகள் இரண்டு கணக்கையும் ஆரம்பித்தாள். அவளுடைய பழைய போனை உனக்குக் கொடுத்தாள். போன் கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் நீ முகம் முழுவதையும் சிமிட்டினாய், அது இரண்டு தரம் உன்னை மனுஷியே இல்லை என்று சொல்லிவிட்டது. எட்டுக்காரனை விட்டு ஏழுக்கு வந்தாய். நான் சொல்லி நீ கேட்ட முதல் காரியம் அது.

இப்போது மாத வட்டி வந்துவிட்டது. போன் டிங் என்றது. யார் கையெழுத்தும் இல்லாமல் என் பணத்தை எடுக்க முடியும். சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் எடுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, திரும்பப் போட்டுவிட்டேன். ஏழு கிடைத்தால் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இன்னும் கூடத்துக்கும் சமையலறைக்கும்தான் நடக்கிறேன். உனக்கு எழுதுவதற்குக் காரணம் தேடிக்கொண்டு நடக்கிறேன் என்பது நேற்றுத்தான் பிடிபட்டது.

பேங்கிலிருந்து வருகிற தாள் இனி வராது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள். அன்று அந்த பேங்கில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, அம்மா, உன் அத்தான், சளி பிடித்த மேனேஜர், பாத்திரக்காரர், நீ, நான், உன் நாற்காலிக்குப் பின்னால் கடிகாரக்காரர். ஒரே வரியில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

கண் புரைக்கு நாள் குறித்தால் எழுது, உன்னோடு நான் வருகிறேன். மருமகள் வேண்டாம், அவள் காலைத் தட்டுவாள்.

அன்புடன்,
உன் அக்கா (வாலோடுதான் போட்டிருக்கிறேன்)

பின்குறிப்பு: கடிகாரத்தை இறக்கிப் பின்மூடியைக் கழற்றினேன். முள்ளு இருக்கிறது. மேனேஜரை மன்னித்துவிட்டேன். புரியாமல் சிரித்த பாத்திரக்காரரையும். அம்மாவை மன்னிக்க நான் யார்? அண்ணனைப் பாதி மன்னித்திருக்கிறேன், மீதியை அவன் வந்து கேட்டால் பார்க்கலாம். ஒருவரை மட்டும் மன்னிப்பதாக இல்லை. இத்தனை வருஷம் என் வீட்டுச் சுவரில் இருந்து மணிக்கு மணி பேசிவிட்டு, நான் ஒரு பதில் சொல்லக் கிளம்புவதற்குள் போய்விட்டாரே, அந்தக் கடிகாரக்காரரை.